ஜன்னலில் மஞ்சள் துணி

"அக்கா, விசில் சத்தம். மறுபடியும் மாடிக்காரர் வீடுதான்."

பிளம்பர் வாசலில் நின்று சொல்லி முடிப்பதற்குள், டெய்லர் பாதி தைத்த சட்டையை மெஷின் ஊசியிலேயே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கியிருந்தாள். கழுத்தில் அளவு நாடா இருபக்கமும் ஆடியது.

"எதுக்கு ஓடறீங்க? போய்ப் பார்த்தா மனுஷன் ஹாயா பல் தேய்ச்சிட்டு இருப்பார்."

"போன வாரம் டைப்பிஸ்ட் அம்மா வீட்டு விசிலுக்கும் இதையேதான் சொன்னே. இடுப்பு ஒடிஞ்சு பாத்ரூம்ல கிடந்தாங்க. விசில் ஊதினவங்களால ஒத்தையாக் கதவை உடைக்க முடியலை, மத்தியானம் வரைக்கும்."

பிளம்பர் ஸ்பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினான்.

திட்டம் அவளுடையது. தெருவில் தனியாக வசிப்பவர்கள் காலையில் எழுந்ததும் ஜன்னல் கம்பியில் மஞ்சள் துணி கட்ட வேண்டும். 'நான் நலம்' என்று அர்த்தம். பள்ளி வேன் போன பிறகும் துணி தெரியாவிட்டால், அந்த வீட்டுக்கென்று குறித்த துணையாள் விசில் ஊதிவிட்டு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். விசில் கேட்டவர்கள் போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும்.

துணிகளை அவளே தைத்துக் கொடுத்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, மாடிக்காரர் ஜன்னலைத் தவிர. அடிக்கடி அங்கே துணி இருக்காது. கேட்டால், "காத்துல போயிருக்கும்மா" என்று அசட்டுச் சிரிப்போடு புதுத் துணிக்கு வந்து நிற்பார். தெருவுக்கே சலித்துவிட்டது. எந்த விசில் கேட்டாலும் "அவராத்தான் இருக்கும்" என்று திரும்பிப் படுக்க ஆரம்பித்துவிட்டார்கள். டைப்பிஸ்ட் அம்மா தரையில் கிடந்த கிடப்பு டெய்லரின் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மாடிக்காரருக்குத் துணையாள், கீழே குடியிருக்கும் அவருடைய சொந்த அண்ணன். அப்பா வீட்டை மாடி, தரை என்று பிரித்துக்கொண்ட நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் மாடியில் தும்மினால் கேட்கிற தூரத்தில் வேறு யாரும் இல்லாததால், அவரையே போட்டிருந்தாள்.

பிளம்பரைத் தெருவிலேயே நிற்கச் சொல்லிவிட்டுப் படியேறி உள்ளே நுழைந்தாள். மாடிக்காரர் நாற்காலியில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். மேஜையில் இரண்டு கோப்பையில் டீ ஆவி பறந்தது. அண்ணன் வலது தோளைத் தேய்த்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஆள் உசிரோட இருக்காரான்னு கேளும்மா" என்றார் அண்ணன்.

"இருக்கேன்னு சொல்லும்மா. ராத்திரி பூரா கீழே யாரோ இருமினாங்க. மருந்து குடிச்சாச்சான்னு கேளு."

"திட்டத்துல விதின்னு ஒண்ணு இருக்கேன்னு படியேறினேன். உறவு கொண்டாட வரலைன்னு சொல்லு."

"ஏறினவருக்கு மூச்சு வாங்குது. உட்கார்ந்துட்டுப் போகச் சொல்லு. டீ ஆறுது."

அண்ணன் உட்கார்ந்து கோப்பையை எடுத்தார்.

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" டெய்லருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், இன்னிக்குத் துணி கட்டினீங்களா, இல்லையா?"

"கட்டினேனே. காத்துல..."

"நான் வச்சுத் தைச்ச நாடா புயலே அடிச்சாலும் அவிழாது. போதும் சார். உங்களால இன்னொருத்தர் உசிரு போயிடும். இன்னியோட உங்களைத் திட்டத்துலேர்ந்து எடுத்துடறேன். இனிமே உங்க ஜன்னலை யாரும் பார்க்க வேண்டாம், யாரும் படியேறி வரவும் வேண்டாம்."

அண்ணன் கையில் டீ தளும்பி வேட்டியில் கொட்டியது.

"தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்றவர், சுதாரித்துக்கொண்டார். "அதாவது, மாடியில இருக்கிறவருக்கு."

"அதை அவர் யோசிச்சிருக்கணும். விசிலைக் கொடுங்க."

"கீழே, கதவுக்குப் பின்னால... இரும்மா, நானே எடுத்துட்டு வரேன். நீ போகாதே."

அவர் எழுவதற்குள் அவள் இறங்கிவிட்டாள். கீழ்வீட்டுக் கதவைத் தள்ளினாள். பின்னால் ஆணியில் விசில் தொங்கியது. அதன் அடியில் நீளமான கழி ஒன்று சாய்ந்து நின்றது. நுனியில் கம்பியை வளைத்துக் கட்டியிருந்தது. கம்பியில் ஒரு மஞ்சள் துணி. பக்கத்து அலமாரியில் இன்னும் பல, துவைத்து மடித்து.

டெய்லர் கீழ்வீட்டு ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தாள். நேர் மேலே மாடி ஜன்னல்.

வாசலில் அண்ணன் மூச்சு வாங்க நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா" என்றார். "துணி தொங்கினா நான் எந்தச் சாக்கைச் சொல்லி அந்தப் படி ஏறுவேன்?"

ஒரு பாவமும் அறியாத மனுஷனை அல்லவா வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாள். விசிலை முந்தானையில் முடிந்துகொண்டு மறுபடியும் மாடிக்கு ஓடினாள்.

"சார், என்னை மன்னிச்சுடுங்க. உங்க மேல தப்பில்லை. துணி காத்துல போகலை, அது வந்து..."

மாடிக்காரர் எழுந்து கதவருகே போய்ப் படிக்கட்டில் யாரும் இல்லையென்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"விசிலை நீ எடுத்துட்டுப் போம்மா, தெருவை அலையவிட்டது தப்புதான். ஆனா அடுத்த துணியை மட்டும் இன்னும் ஒரு முழம் நீளமாத் தைச்சுக் கொடு. அண்ணனுக்குத் தோள்வலி, எவ்வளவு தாழ்த்திக் கட்டினாலும் கழி எட்டாம சிரமப்படறாரு."