இன்னும் ஒரே ஒரு இழுப்பு!

“இழுங்க அக்கா! மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இழுங்க!”

தபாலாபீஸ் அக்கா இழுத்தார். கடலில் முங்குவதற்குப் போடுகிற வெட்சூட் தொடை வரைக்கும் வந்து, இதற்கு மேல் நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது.

கடல் தண்ணீர் ஐஸாகக் கிடந்தது. மெல்லிசு உடுப்பெல்லாம் அதற்கு உதவாது. மெத்தை மாதிரி கனமான ரப்பர் உடுப்புதான் வேண்டும். அதுவும் உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தொளதொள என்று இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து ஆளையே விறைக்க வைத்துவிடும்.

உடுப்பு ஏறினால்தான் படகு. படகு ஏறினால்தான் கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பலைப் பார்க்கலாம். சீசனில் இதுதான் கடைசிப் படகு.

“இத்தனை வருஷமா ஊர் உலகத்துக்கெல்லாம் கடுதாசிக்கு முத்திரை குத்தி அனுப்பிச்சாச்சு. ஒரு இடத்துக்காவது நானே போகணும்!” என்று காலையிலிருந்து எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் அக்கா. வெந்நீர்க் குளத்தில் பயிற்சி நடந்தபோது அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அங்கே இந்த உடுப்புத் தொல்லையும் இல்லை.

“கம்பெனிக்காரன் இதைவிடப் பெரிய சைஸ் போடலையாமே? அவனே கைவிட்டுட்டான் போல!”

சொன்னவர் வக்கீல். ஆள் குச்சி. உடுப்பு அவருக்கு முதலிலேயே ஏறிவிட்டது, கூடவே வாயும் ஏறிவிட்டது.

அக்காவின் முகம் சுண்டிப்போனது.

“சைஸ் சரியாத்தான் இருக்கு. நான்தானே அளந்து கொடுத்தேன்? முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான்” என்றார் மாஸ்டர். முங்குவதற்குச் சொல்லித்தருகிற பெண்மணி. எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“சும்மா சமாதானம் சொல்லாதீங்க மாஸ்டர். என் உடம்பைப் பத்தி எனக்குத் தெரியாதா?” அக்கா கண்ணைக் கசக்கினார். “நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க. நான் வீட்டுக்குக் கிளம்புறேன்.”

மாஸ்டர் விறுவிறு என்று உள் அறைக்குப் போய்விட்டார்.

“பார்த்தீங்களா? அந்தம்மா அழுதுட்டு நிக்கறாங்க, இவங்க பாட்டுக்குப் போறாங்க. என்ன மனுஷியோ!” என்றார் வக்கீல். அழ வைத்தவர் பேசுகிற பேச்சு!

மாஸ்டர் ஒரு கறுப்பு வெட்சூட்டோடு திரும்பி வந்தார். நடு ஹாலில், அக்காவுக்கு எதிரிலேயே நின்று காலை நுழைத்தார். இழுத்தார்.

ஏறவில்லை.

மறுபடி இழுத்தார். முழங்காலில் மாட்டிக்கொண்டது. தவளை மாதிரி ரெண்டு குதி குதித்தார். பெஞ்சில் இடித்து, பொத்தென்று உட்கார்ந்தார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“என்ன மாஸ்டர்... உங்களுக்குமா?”

“அட, தினமும் இதே ரோதனைதான் அக்கா! இந்தச் சனியன் என்னிக்கு ஒழுங்கா ஏறியிருக்கு? அந்த பிளாஸ்டிக் பையை எடுங்க. பாதத்துல மாட்டிக்கிட்டா வழுக்கிட்டு உள்ள போகும்.”

அக்கா ரெண்டு பை எடுத்தார். ஒன்றை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு தன் உடுப்பை உருவிவிட்டு, இன்னொன்றைத் தன் காலிலேயே மாட்டிப் பார்த்தார். கால் உடுப்புக்குள் வழுக்கிக்கொண்டு போனது!

“இடுப்பைப் பிடிச்சு இழுக்கக் கூடாதுக்கா. கணுக்கால்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா மேல தள்ளிட்டு வரணும். நகம் படாம, விரல் நுனியால. ஐயோ, எனக்கு எங்க ஏறுது!”

மாஸ்டருக்கு ஏறவில்லை. அக்காவுக்கு ஏறியது. முழங்கால் தாண்டியது. தொடை தாண்டியது. இடுப்பு!

“மாஸ்டர், ஏறுது! ஏறுது!”

“விடாதீங்க! கையை நுழைங்க!”

ஹாலில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தர் தோளைப் பிடித்தார், ஒருத்தர் முதுகைத் தள்ளினார். “இன்னும் ஒரே ஒரு இழுப்பு!” என்று கோரஸ் வேறு. மாஸ்டர் அரைகுறை உடுப்போடு தத்தித் தத்தி வந்து, அக்காவின் முதுகு ஜிப்பைப் பிடித்து, சர்ரென்று கழுத்து வரைக்கும் ஏற்றினார்.

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அக்கா கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். திரும்பி நின்று முதுகைப் பார்த்தார். அப்படி ஒரு சிரிப்பு!

வெளியே படகுக்காரர் ஹார்ன் அடித்தார். “வாங்க வாங்க, கப்பல் காத்துட்டிருக்கு!” என்று கூவிக்கொண்டு முதல் ஆளாக ஓடினது யார் என்கிறீர்கள்? அக்காவேதான். மற்றவர்கள் அவர் பின்னால் ஓடினார்கள்.

வக்கீல் மட்டும் நின்றார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். உங்க டிரஸ்ஸையே உங்களால போட முடியலை. உங்களை நம்பி நாங்க எப்படிக் கடலுக்குள்ள இறங்கறது? வேற ஆளை அனுப்பச் சொல்லப் போறேன்.”

மாஸ்டர் முழங்காலில் சிக்கியிருந்த உடுப்பை உருவிப் போட்டார். உள்ளே போனார். வக்கீல் அடுத்த வாதத்தை யோசித்து முடிப்பதற்குள், வேறொரு வெட்சூட்டைக் கச்சிதமாகப் போட்டு, ஜிப்பையும் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

வக்கீல் முழித்தார். “அப்போ... கீழ கிடக்கிற அது?”

“மெதுவாப் பேசுங்க சார், அக்கா காதுல விழுந்துடப் போகுது” என்றார் மாஸ்டர். “அது ஏழாவது படிக்கிற என் பொண்ணோடது.”