நடைபாதை நாற்காலி

"எழுதிக்கோ ருலா. சலூன் வாசல்ல ஒரு நாற்காலி. ஆக்கிரமிப்பு!"

வாஸிஃபின் அம்மாவான உம் வாஸிஃப் சொல்லச் சொல்ல, மாடி வீட்டு ருலா எழுதிக்கொண்டே வந்தாள். அம்மான் நகரத்து மலைச்சரிவில் அவர்களுடைய கடைத்தெரு. தெருவில் என்னென்ன குறை என்று குடியிருப்பவர்களே கணக்கெடுத்துக் கொடுத்தால் சரிசெய்து தருவதாக நகராட்சி சொல்லியிருந்தது.

பெயர்ந்த கல், மூடியில்லாத சாக்கடை எல்லாம் எழுதியாயிற்று. ஆனால் உம் வாஸிஃபின் கண்ணை உறுத்தியது நாற்காலிகள்தான். கடைக்கு ஒன்றாக, நடைபாதையில், காலியாக.

கடைக்காரர் தொழப் போனால் வாசலுக்குக் குறுக்கே நாற்காலி போட்டுவிட்டுப் போவது வழக்கம்தான். ஆனால் இப்போது தொழுகை நேரமில்லை. சலூன்காரன் ஸமீஹ் உள்ளே குத்துக்கல்லாட்டம் நிற்கிறான்.

"என்ன ஸமீஹ், கார் நிறுத்த இடம் பிடிக்கிறியா? உனக்குத்தான் காரே கிடையாதே!"

"சும்மா... யாராவது வந்தா உட்காரட்டுமேன்னு..."

"உள்ளே இருக்கிற நாற்காலியே ஈ ஓட்டுது. வெளியே வேற ஒண்ணா?"

ஸமீஹ் துடைத்த சீப்பையே மறுபடி துடைத்தான்.

"எங்க வீட்டுக்காரர் தினமும் கீழே காபிக்கடையில சீட்டாடிட்டு இந்த வழியாத்தான் மேலே ஏறி வர்றார். பராக்குப் பார்த்துக்கிட்டே வர்ற மனுஷன். இது தடுக்கி விழுந்தா, நீயா வந்து பார்த்துப்பே?"

ஸமீஹ் வெளியே வந்து நாற்காலியைச் சுவரோரமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

அடுத்து தௌஃபீக்கின் வறுகடலைக் கடை. அங்கேயும் ஒரு நாற்காலி. மெத்தை வேறு!

"வேற எதை வேணா எழுதுங்க, உம் வாஸிஃப். என் போர்டைக்கூடக் கழட்டிடறேன். நாற்காலியை மட்டும் விட்டுடுங்க" என்று கெஞ்சிய தௌஃபீக், சூடான முலாம்பழ விதைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.

"லஞ்சமா? எழுதிக்கோ ருலா!"

ருலா அதற்குள் கொறிக்க ஆரம்பித்திருந்தாள்.

மேலே மருந்துக்கடை வாசலிலும் அதே கதை. "நாளைக்கே நகராட்சி வண்டி வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகட்டும்" என்றாள் உம் வாஸிஃப். போன குளிர்காலத்தில் கணவர் முட்டிவலியோடு படுத்தபோது, காபிக்கடைப் பேச்சே எடுக்கக் கூடாது என்று தடை போட்டவள் அவள். அவர் வாடி வதங்கிப் போனார். 'தேறிடுச்சு, ஒரே மூச்சில ஏறிடறேன்' என்று அவர் சத்தியம் செய்த பிறகுதான் விட்டாள்.

"அதோ, உங்க வீட்டுக்காரர்!" என்றாள் ருலா.

கீழே அவர் வந்துகொண்டிருந்தார். சலூனை நெருங்கியதும் ஸமீஹ் ஓடிவந்தான். "அபூ வாஸிஃப், ஒரு சங்கதி கேளுங்களேன்!"

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஸமீஹ் எங்கோ பார்த்தபடி சங்கதியை இழுத்துக்கொண்டே போனான், அவர் மூச்சு சீராகும்வரை.

அடுத்து தௌஃபீக் கூப்பிட்டார். அங்கேயும் உட்கார்ந்தார்.

அதற்கு மேலே கடையே இல்லாத நல்ல ஏற்றம். பாதியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

கீழே ஓடப்போன ருலாவின் கையைப் பிடித்து, மருந்துக்கடைக்குள் இழுத்தாள் உம் வாஸிஃப். "போகாதே. நாம பார்த்துட்டோம்னு தெரிஞ்சா, நாளையிலேருந்து வாசலைத் தாண்ட மாட்டார்."

அவர் மெல்ல ஏறி வந்து, மருந்துக்கடை நாற்காலியிலும் சற்று உட்கார்ந்து எழுந்தார். வேர்வையைத் துடைத்து, முதுகை நிமிர்த்திக்கொண்டபோது உம் வாஸிஃப் ஒன்றும் அறியாதவள்போல் வெளியே வந்தாள்.

"பார்த்தியா? ஒரே மூச்சு!" என்றார்.

"நீங்க சிங்கமாச்சே!" என்றாள். அவர் மீசையை நீவிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

"நாற்காலி எழுதினதையெல்லாம் அடிச்சுடட்டுமா?" என்று கேட்டாள் ருலா.

"அடிச்சுடு." முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் உம் வாஸிஃப். "புதுசா ஒரு குறை எழுதிக்கோ. வறுகடலைக் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவுல உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை."