இஞ்சின் போச்சு

"இங்க சாக்கடையை எப்ப வெட்டினாங்க?"

முன்சக்கரம் சாக்கடையில் தொங்க, காரிலிருந்து இறங்கியபடியே கேட்டார் மரியராஜ்.

வண்டியூரில் முத்திருளன் ஒர்க் ஷாப் வைப்பதற்கு முன்பிருந்தே சாக்கடை அங்கேதான் இருக்கிறது. முத்திருளன் டீக்கடையில் நின்றவர்களைக் கூப்பிட்டு வண்டியைத் தூக்கி மேலே வைத்தான்.

"வண்டி இழுக்கலப்பா. கம்ப்ரஷன் கொறைஞ்சிருச்சு. செக் பண்ணு."

"சத்தம் நல்லாத்தானே சார் வருது?"

"ஓட்டுற எனக்குத் தெரியாதா? என் மச்சினன் மாதிரி கண்ணு தெரியாதவன்னு நெனச்சியா? செக் பண்ணுய்யா!"

மிஷன் ஸ்கூலில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். குரல் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

"இந்த டப்பாவை இரும்புக் கடையில போடுங்கன்னா கேக்குறாரா?" என்றபடி இறங்கினாள் மனைவி சூசையம்மாள்.

முத்திருளனுக்குச் சுருக்கென்றது. பழைய மாருதிதான். ஆனால் அவனே பிரித்துப் பூட்டிய இஞ்சின். மனுசன் ஆசையாக ஒரு கார் வைத்திருந்தால் இந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

பிளக்குகளைக் கழற்றினான். முதல் துளையில், கம்ப்ரஷன் அழுத்தத்தை முள்ளில் காட்டும் கேஜை முறுக்கினான். கூட வேலை செய்கிறவர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். ஸ்டார்ட்டர் அடிக்க ஆளில்லை.

"அம்மா, நீங்க உள்ள உக்காருங்க. ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதிச்சுக்கிட்டே சாவியைத் திருப்புங்க. மிதிச்சாத்தான் காத்து முழுசா உள்ள போகும். முள்ளு சரியாக் காட்டும்."

"அம்புட்டுத்தானே?"

இஞ்சின் உய்ங் உய்ங் என்று சுற்றியது. முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. அடுத்த சிலிண்டர். அதுவும் பாதி. மூன்றாவதும் அதே பாதி.

"பாத்தியா!" என்றார் மரியராஜ், பந்தயத்தில் ஜெயித்தவர்போல.

ஒன்று போகும். இரண்டு போகும். மூன்றும் ஒரே மாதிரியா போகும்? முத்திருளன் டிரைவர் பக்கம் வந்து எட்டிப் பார்த்தான்.

சூசையம்மாளின் கால்கள் இரண்டும் சீட்டுக்கடியில் சமர்த்தாக மடங்கியிருந்தன. ஆக்சிலேட்டர் தேமே என்று இருந்தது.

"என்னம்மா, மிதிக்கவே இல்ல?"

"மெதுவாப் பேசுப்பா!" சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டாள். "நேத்து மாட்டுத்தாவணியில நின்ன பஸ்ஸோட பின்லைட்டை சிக்னல்னு நெனச்சு, பச்சை விழட்டும்னு காத்துக்கிட்டு இருந்தாரு. கண்ணு போச்சுன்னு நான் சொன்னா ஒடைஞ்சு போயிருவாரு. இஞ்சின் போச்சுன்னு நீ சொன்னா நாலு நாள் பொலம்பிட்டு விட்டுருவாரு. சொல்லுய்யா. பொய்க்கு மாதாகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்."

நல்ல இஞ்சினைப் போச்சு என்று சொல்கிற மெக்கானிக்குகளை மேடை போடாத குறையாகத் திட்டுகிறவன் முத்திருளன். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சார்... இஞ்சின் போச்சு."

"ஐயையோ! சரி பண்ண முடியாதாப்பா?" சூசையம்மாளின் குரல் தழுதழுத்தது.

முத்திருளன் அவளை முறைத்தான். "முடியாதும்மா. இனிமே இதை ரோட்டுல எறக்கவே கூடாது."

மரியராஜ் கத்தவில்லை. பானெட்டை ஒருமுறை தடவினார். அவ்வளவுதான்.

சூசையம்மாள் ஆட்டோ பிடிக்க ரோட்டுக்குப் போனாள். மரியராஜ் கார் சாவியை நீட்டினார், ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையிடம். முத்திருளன் நகர்ந்து போய்ச் சட்டைக்குப் பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டான்.

"நீ நல்லா இருப்பப்பா" என்று கிசுகிசுத்தார் அவர். "கண்ணு தெரியலன்னு வண்டியை வித்த மச்சினனை ஊரு பூராம் கேலி பண்ணினவன் நான். இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் விக்கிறது? அதான் இஞ்சின் மேல பழியைப் போட்டு இங்க கொண்டாந்தேன்."

முத்திருளன் வாயைத் திறந்தான்.

"பேசாத! கண்ணுதான் போச்சு, காது இருக்கு. அவ மிதிக்கலங்கிறது சத்தத்துலயே தெரிஞ்சுச்சு. எங்க நீ கண்டுபிடிச்சுக் காரியத்தைக் கெடுத்துருவியோன்னுதான் பயந்துக்கிட்டு இருந்தேன்!"