பின்பக்கத்து எண்

காலை பத்தேகாலுக்கு அந்தப் படம் என் மேசைக்கு வந்தது. பத்திரிகையின் பழைய படங்களை ஸ்கேனுக்கு அனுப்புமுன், தலைகளை எண்ணிப் பின்பக்கம் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுவது என் வேலை.

தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் மீது நாற்பது வருடங்களுக்கு முன் நடந்த கொலை வழக்கின் படம் அது. அவருடைய முகாமில் சீடர்கள் வரிசையாக நின்றார்கள். பின்பக்கம், "11 பேர். மறுநாள் அனைவரும் கொல்லப்பட்டனர்" என்று பென்சிலில் இருந்தது.

எண்ணினேன். பன்னிரண்டு. பென்சில் நுனியால் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு.

ஸ்கேன் செய்பவர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ஒரே படத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

"ஒரு ஆள் கூடுது தம்பி."

"அந்தக் காலத்து ஆளுங்க அவசரத்துல விட்டிருப்பாங்க. மாத்திட்டு அனுப்புங்க."

11ஐ அழித்து 12 என்று எழுதினேன். பிறகுதான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கடைசியில் நின்றவள் அசைந்துவிட்டதால் முகம் கலங்கியிருந்தது. கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது.

போன வாரம் தியான முகாமுக்குக் கிளம்பிய என் மகள், என் பென்சிலைத்தான் கொண்டையில் செருகிக்கொண்டு போனாள்.

அவளை அழைத்தேன். வெகுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"உடனே கிளம்பி வா" என்றேன்.

"நாளைக்குப் பேசறேம்மா. எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுக்கறாங்க."

"எத்தனை பேருடி நிக்கறீங்க?"