ஹெல்மெட் போட்டவன்

கிளினிக்கில் தலை அளவெடுக்கும் பெண்ணுக்குத் தன் நாடாமேலேயே சந்தேகம் வந்தது. மறுபடியும் அளந்தாள். போன மாதம் பின்பக்கம் வலது ஓரத்தில் தட்டையாக இருந்த குழந்தையின் தலை, இப்போது பந்து மாதிரி இருந்தது.

"ஒரே மாசத்துல இப்படிச் சரியாகி நான் பார்த்ததே இல்லைங்க."

"அப்ப தலை உருண்டையாகணும்னு நீங்க மாட்டிவிட்ட ஹெல்மெட்டை நிறுத்திடலாமா மேடம்?" தாயின் முகம் மலர்ந்தது. "தலையெல்லாம் வேர்க்குரு. பார்க்கறவங்க வேற, பைக் எங்கேன்னு கேக்கறாங்க."

"நிறுத்தலாம். ஆனா இது எப்படின்னு தெரியலைன்னா எனக்குத் தூக்கம் வராது. நாள் முழுக்கப் போட்டிருந்தானா?"

"குளிக்கற நேரம் தவிர கழட்டினதே இல்லை."

"குளிப்பாட்டறது யாரு?"

"அவர்தான். வெளியில இருக்கார்."

"கொஞ்சம் கூப்பிடுங்க."

கணவன் உள்ளே வந்தான். அவன் தோளில், அதே மூக்கும் முழியுமாக இன்னொரு குழந்தை.

"இரட்டைன்னு சொல்லவே இல்லையே?"

"சின்னவனுக்குத் தலை நல்லாத்தானே இருக்கு. அதான் போன தடவை கூட்டிட்டு வரலை" என்றாள் தாய்.

அளவெடுப்பவள் தோளில் கிடந்தவனின் பின்தலையைத் தடவிப் பார்த்தாள். வலது ஓரம் தட்டையாக இருந்தது.

"சார், ரெண்டு பேரையும் ஒண்ணாவா குளிப்பாட்டறீங்க?"

"ஆமாங்க."

"அப்புறம் யாருக்கு ஹெல்மெட்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அவன் மனைவியைப் பார்த்தான். "ஹெல்மெட்டைக் கண்டா அழறவன்தான் பெரியவன்னு இவ சொன்னா. அதனால யாரு அழறானோ அவனுக்கு மாட்டிடுவேன்."

அளவெடுப்பவள் மேஜையிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துக் காட்டினாள்.

இரண்டு குழந்தைகளும் அழ ஆரம்பித்தன.