குப்பியின் மேல் தேதி

ஆய்வகத்து ஃப்ரீசர் பழுதாகிவிட்டதால், உறைந்திருந்த குப்பிகளை ரெஜினா வேறு ஃப்ரீசருக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே புரதம். பார்கின்சன் நோயாளிகளின் மூளைக்குள் நூல்நூலாகத் திரள்வது. அதன் வடிவத்தைத்தான் தாமோதரன் சார் ஒன்பது வருடமாக ஆராய்கிறார். அச்சிட்ட சீட்டு குளிரில் உரிந்துவிடும் என்று குப்பிகளில் தேதியை அவரே கையால் எழுதுவார்.

கடைசி வரிசையை அவளால் படிக்க முடியவில்லை. எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது. போன வருடத்துக் குப்பியில் கொஞ்சம் பெரிது. அதற்கு முந்தையதில் இன்னும் பெரிது. வருடத்துக்கு ஒன்றாக ஐஸ் தட்டில் வரிசையாக வைத்துவிட்டு, கையுறையோடு அப்படியே நின்றாள். இந்த நோயில் கை நடுங்கத் தொடங்கும் முன்பே சிலருக்குக் கையெழுத்து சிறுத்துவிடும் என்று புது மாணவர்களுக்குச் சொல்பவரே அவர்தான்.

"மாத்தியாச்சா?" என்றபடி புதுக் குப்பியோடு சார் வந்தார். அவள் வரிசையைக் கலைக்கப் போனாள்.

"இருக்கட்டும்."

குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தாவது குப்பியில் அவர் விரல் நின்றது.

"இங்கேருந்துதான்" என்றார்.

"சார், டாக்டர்கிட்ட ஒருதடவை..."

"முதல்ல உள்ள வைங்க ரெஜினா. உருகிடப் போகுது."

பேனாவை எடுத்துப் புதுக் குப்பியில் அன்றைய தேதியை எழுதினார். முதல் எண்ணை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டார். வருடத்துக்கு வருவதற்குள் எழுத்து மறுபடி எறும்பாகிவிட்டது.