எண்ணைச் சுமந்த ஓட்டை வாளி

நிருபர் கோமளாவின் மேசைத் தாளில் ‘விலைவாசி உயர்வு 6.8 சதவீதம்’ என்று எழுதியிருந்தது. அந்த எண்ணுக்கு ஒரே அழுகை.

“என்னை யாருமே படிக்கிறதில்ல. நேரா விளையாட்டுப் பக்கத்துக்குப் போயிடுறாங்க.”

“அப்படி என்னதான் சொல்ல வர்றே?” என்று கேட்டது, தரை துடைக்க வைத்திருந்த ஓட்டை வாளி.

“சம்பளம் அதேதான். சாமான் வாங்கப் போனா மட்டும் பத்தல.”

“அட, அது என் கதைதான்! குழாயடியில நிறைஞ்சுதான் கிளம்புறேன். இங்க வந்து சேர்றதுக்குள்ள பாதியாயிடுறேன்.”

தரையில் நீண்டிருந்த தண்ணீர்க் கோட்டைக் கோமளா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எண்ணுக்கு மேலே, ‘நம் சம்பளம் இப்போது ஓட்டை வாளித் தண்ணீர்’ என்று எழுதினார்.

மறுநாள் துடைக்க வந்த செபஸ்தியம்மாள், பேப்பரைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டுப் படித்தார்.

“இது எங்க வீட்டுக் கதையால்ல இருக்கு! அதென்னம்மா 6.8?”

எண் வாளியின் பக்கம் திரும்பியது. “ரொம்ப நன்றிண்ணே. நீங்க சுமக்கலேன்னா அந்தம்மாகிட்ட நான் போயே சேர்ந்திருக்க மாட்டேன். அடுத்த மாசம் எங்க அண்ணன் 7.1 வர்றாராம். அவரையும் சுமப்பீங்களா?”

“சுமக்கிறேன்டா,” என்றது வாளி. “ஆனா யாராவது இந்த ஓட்டையை அடைச்சா, அவங்களுக்கு நான் நன்றி சொல்வேன்.”